வடிகட்டியும் கொட்டையும்: வீட்டுக் காப்பியின் வரலாறு

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களில் கவிதை இடம்பெறாத நாள் உண்டு. கட்டுரை மட்டும் படித்துக் கலைந்த நாள்களும் உண்டு. காப்பி இடம்பெறாத நாள் இல்லை. எது நல்ல காப்பி என்னும் வினா எழுந்து, அன்றைய கவிதையைவிட நீண்ட விவாதத்துக்கு ஆளானதையும் அன்பர்கள் அறிவர். அவ்வினாவுக்கு விடைகூற முனையும் எவரும் கொட்டை, வறுவல், வடிகட்டி, தம்ளர் என்னும் நான்கையும் ஆராய்தல் வேண்டும். இந்நான்கனுள் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றைச் சுமந்து நம் சமையலறைக்கு வந்திருக்கிறது.

எத்தியோப்பிய மலைக்காடுகளில் தோன்றிய இச்செடி, பதினைந்தாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபி அடியார்களின் இரவு வழிபாட்டுக்கு உறுதுணையாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் சூஃபிப் பெரியார் மெக்காப் பயணத்திலிருந்து திரும்புகையில் ஏழு கொட்டைகளைக் கொணர்ந்து, சிக்மகளூரை அடுத்த சந்திரகிரி மலையில் ஊன்றினார் என்பது மரபு. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் குடகிலும் நீலகிரியிலும் சேர்வராயன் மலையிலும் காடழித்துப் பெருந்தோட்டங்கள் அமைத்தனர்.

தமிழர்க்கும் காப்பிக்குமான முதற்பேருறவு, குடித்தலால் நேர்ந்ததன்று, உழைத்தலால் நேர்ந்தது. 1830களுக்குப் பின் இலங்கை மலையகத்தில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டு ஏழை உழவர்கள் கங்காணிகளின் வழியே கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளை சேர்ந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. காப்பிப் பயிர்த்தொழிலைக் கும்மி மெட்டில் பாடும் அந்நூல், தமிழ்க் கவிதைக்குள் இப்பயிர் நுழைந்த தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று. அதே 1869இல்தான் காப்பி இலையில் துருநோய் இலங்கையில் கண்டறியப்பட்டது என்பது வரலாற்றின் முரண். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது. உழைத்த மக்கள் மட்டும் லயங்களிலேயே தங்கினர்.

அந்நோயின் தடம் இன்றைய காப்பிக் கடையிலும் காணப்படும். மணமும் இளம்புளிப்பும் மிக்க அராபிக்கா துருநோய்க்கு எளிதில் இரையாவது. அதனைத் தாங்கி வளரும் ரொபஸ்டா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் மலைகளில் வேரூன்றியது. இதில் கசப்பும் அடர்த்தியும் மிகுதி. கஃபீனும் அராபிக்காவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. கடைக்காரர் 'பிளாண்டேஷன் ஏ' எனக் குறிப்பது, சதை நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிக்காவின் பெரிய பருப்பு. 'பீபரி' என்பது, பழத்துள் இரண்டாக விளைய வேண்டியது ஒன்றாய்த் திரண்டு உருண்டையானது. உருளை வடிவால் சீராக வறுபடும் என்பர். மணம் நாடுவோர் பிளாண்டேஷனும் பீபரியும் சமமாகக் கலத்தல் நன்று. பாலில் அடங்காத திடம் வேண்டுவோர் நான்கில் ஒரு பங்கு ரொபஸ்டா சேர்க்கலாம்.

முற்காலத்தில் வறுத்தலும் அரைத்தலும் வீட்டு மகளிர் பணி. இரும்புச் சட்டியில் கைவிடாது கிளறி, கொட்டை வெடித்து நிறம் மாறும் கணத்தில் இறக்குதல் ஒரு கலை. பலகையில் திருகாணியால் இறுக்கிய கைச்சுற்று மிஷினில் அரைத்தல் ஒரு தண்டனை. அந்தக் கைகளின் உழைப்பை எந்தக் காப்பிப் புகழுரையும் பாடியதில்லை. ஆயினும் அவர்கள் அறிந்த உண்மை இன்றும் மாறவில்லை: வறுத்த கொட்டை சில வாரமும், அரைத்த தூள் சில நாளுமே மணம் காக்கும். ஆதலின் வாரத்துக்கு வேண்டிய அளவே வாங்கி, காற்றுப் புகாத கலத்தில் வைத்தல் வேண்டும். தூள் மிக நைசானால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பருமனானால் நீர் விரைந்திறங்கிச் சாரமற்றுப் போகும்.

இனி வடிகட்டி. 1800ஐ ஒட்டிப் பாரிசு நகரில் தெ பெல்வா பெயரால் வழங்கிய காப்பிக் கலமும் நம் வடிகட்டியும் ஒரே நெறியில் அமைந்தவை. மேற்கலத்தின் அடியில் துளைகள். தூளை அமுக்க ஒரு தட்டு. சொட்டும் சாற்றை ஏற்கக் கீழ்க்கலம். இச்சாற்றை 'டிக்காஷன்' என்கிறோம். அச்சொல்லின் நேர்ப்பொருள் காய்ச்சி இறுத்த சாறு. நம் சித்த மருத்துவம் 'குடிநீர்' எனக் குறிப்பது அதுவே. வடிகட்டியிலோ தூள் கொதிப்பதில்லை. கொதித்து அடங்கிய நீர், தூளின் ஊடே பதினைந்து இருபது நிமிடம் மெல்ல இறங்குகிறது. செயல் மாறியும் பெயர் மாறாமைக்கு இஃதொரு நல்ல எடுத்துக்காட்டு. வடிகட்டி வாங்குவோர் மேற்கலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துளைகள் நுண்ணியவாயும் ஒரே அளவினவாயும் உள்ளனவா எனத் தேர்தல் வேண்டும். இருவர்க்குப் பெரிய வடிகட்டி கூடாது. தூளின் படிவு மெலிந்து சாறு நீர்த்துவிடும். பித்தளையாயின் உள்ளே ஈயம் பூசியிருத்தல் இன்றியமையாதது. தெருவில் ஈயம் பூசுவோர் அருகிவிட்ட இந்நாளில் எவர்சில்வரே போதும்.

சிக்கரி பற்றி ஒரு சொல். அஃது ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்தால் கருநிறமும் அடர்த்தியும் தரும். கஃபீன் அதில் இல்லை. நெப்போலியன் 1806இல் விதித்த வணிகத் தடையால் காப்பி அரிதானபோது, ஐரோப்பாவில் இதன் வழக்கம் பரவியது. தமிழ்நாட்டின் இருபதாம் நூற்றாண்டு முற்பகுதியை ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி, 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் கட்டுரையில், நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகக் காப்பி உருப்பெற்றதையும், கலப்படம் பற்றிய அச்சத்தையும் எடுத்துக்காட்டுகிறார். கலவைத் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பதும், விகிதத்தை உறைமேல் குறித்தல் வேண்டும் என்பதும் சட்டம். நூற்றுக்கு இருபது சிக்கரி சேர்ப்பதில் இழிவொன்றும் இல்லை. மறைத்துச் சேர்ப்பதே இழிவு.

'கலப்பற்றது', 'சுத்தமானது' என்னும் சொற்கள் தூளோடு நின்றிருந்தால் இக்கட்டுரையை இங்கே முடித்திருப்பேன். அவை மனிதர்மேலும் ஏறின. காப்பி ஓட்டல்களில் பிராமணர்க்குத் தனியிடம் ஒதுக்கிய காலம் இருந்தது. பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரி, 1957இல் பெரியாரின் இயக்கத்தினர் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓட்டல் முன் நாடோறும் மறியல் செய்து சிறைசென்றனர். சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைத் தம்ளர் முறை அதற்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. விளிம்பு வளைந்த தம்ளர், உதடு படாமல் அண்ணாந்து பருகவும் உதவிற்று. எச்சிலுக்கு அஞ்சிய சமூகம் தன் அச்சத்திற்கேற்பக் கலமும் வார்த்துக்கொண்டது எனலாம்.

இதனை நூல்களில் மட்டும் படித்தறிந்தேன் அல்லேன். என் இளமையில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புற மாடத்தில் ஒரு தம்ளர் தனியே இருந்தது. பாத்திரம் துலக்க வந்த அம்மாளுக்குரியது அது. அவரே அதைக் கழுவி ஏந்துவார். நான் உயரத்திலிருந்து ஊற்றுவேன். காப்பி என்னவோ எங்களுடையதுதான்: அதே பீபரி, அதே முதல் டிக்காஷன். பாலிலும் குறைவைத்ததில்லை என்று வீட்டார் பெருமையுடன் கூறுவர். ஊற்றிய கை என்னுடையது என்பதை, முனைவர் பட்டத்துக்காக விளிம்புநிலை இலக்கியம் படித்த ஆண்டுகளில்தான் உணர்ந்தேன். அதற்குள் அவ்வம்மாள் மறைந்துவிட்டார்.

ஆதலின், கருவி தேரும் அன்பர்களுக்கு நான் கூறும் முடிவு இது: கொட்டையை மணத்தாலும், வடிகட்டியைத் துளையாலும், சிக்கரியை நேர்மையாலும் தேர்க. தம்ளர் வாங்கும்போது வீட்டுக்கு வரும் அனைவரையும் எண்ணி, ஒரே அச்சில் வார்த்தவையாக வாங்குக. நம் வட்டத்தின் கூட்டங்களில் கழுவிக் கவிழ்த்த தம்ளர்களுள் எது யாருடையது என எவரும் கேட்டதில்லை. நம் காப்பி சில நாள் நீர்த்திருந்ததுண்டு. ஒருமுறை கருகியும் இருந்தது. எனினும் அதனை நல்ல காப்பி என்றே இம்மலரில் பதிய விரும்புகிறேன்.