இடமே வேண்டாத ஒரு வாசல்: புள்ளிக் கோலத்திலிருந்து மெட்டாகோவன் வரை



நம் குடியிருப்பில் வாசல் என்றால் லிஃப்டுக்கும் பக்கத்து வீட்டுக் கதவுக்கும் நடுவில் கிடைக்கும் நாலடி இடம்தான். மார்கழியில் அதில் புள்ளி வைக்க ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில் போய் இடிக்கும். இடப் பற்றாக்குறை நமக்குப் பழகிவிட்டது. ஆனால் நம் பிள்ளைகளைப் பாருங்கள். மைன்கிராஃப்டிலும் ரோப்ளாக்ஸிலும் மாளிகை கட்டி, சுவரில் படம் மாட்டி, வேறு ஊர் நண்பனைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை.

இது விளையாட்டுதானே என்று நினைப்போம். ஆனால் கணினிக்குள் படம் வரைந்து, கணினிக்குள்ளேயே கண்காட்சி வைப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் தமிழர்களின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது. அதில் நமக்கான எச்சரிக்கையும் உண்டு.

கோலம் கணினிக்குள் போன கதை

1974-ல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கணினி வரைகலைக்கான சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் பொருள் நம் வாசல் கோலம். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலப் படத்துக்கும் இலக்கணம் எழுத முடியுமா என்பது அவர்கள் கேள்வி. சில விதிகளைக் கொடுத்துவிட்டால், சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலத்தைக் கணினியே வளர்த்துவிடும் என்று காட்டினார்கள். கிஃப்ட் சிரோமணி பணியாற்றியது தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். வீட்டுக்கு வீடு கணினி வருவதற்குப் பல வருடங்கள் முன்பே நம் பாட்டிமார் போட்ட கோலம் கணினி ஆய்வுக்குள் போய்விட்டது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் நம் குடியிருப்பாளர்களுக்கு இது சட்டென்று புரியும். பின்னலாடையில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு புள்ளி. எந்தப் புள்ளியில் எந்த நிறம் என்று கணினியில் கட்டம் கட்டமாகக் குறித்துக் கொடுத்தால் மெஷின் அப்படியே பின்னித் தருகிறது. கணினித் திரையில் தெரியும் படமும் புள்ளிகளின் கூட்டம்தான்.

கண்காட்சிக் கூடம் திரைக்குள் வந்தது

2003-ல் அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் ‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகத்தைத் திறந்தது. அங்கே நீங்கள் ஒரு உருவம் எடுத்துக்கொண்டு நடக்கலாம், நிலம் வாங்கலாம், கட்டடம் கட்டலாம். விரைவிலேயே கலைஞர்கள் அதற்குள் போனார்கள். சீனக் கலைஞர் சாவ் ஃபே அதற்குள் ‘ஆர்எம்பி சிட்டி’ என்று ஒரு கற்பனை நகரத்தையே கட்டி, 2009 ஜனவரியில் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார். 2011-ல் அந்த நகரம் மூடப்பட்டது. செங்கல் இல்லாமல் கட்டிய ஊர் தடயம் இல்லாமல் போகும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டு தமிழர்களும் மூன்று அருங்காட்சியகங்களும்

அடுத்த பெரிய கட்டத்தில் தமிழர்கள் வருகிறார்கள். விக்னேஷ் சுந்தரேசன் தமிழ்நாட்டில் வளர்ந்து, சிங்கப்பூரில் குடியேறிய கிரிப்டோ தொழில்முனைவர். படிக்கும் காலத்தில் சொந்த லேப்டாப் வாங்க வசதியில்லாமல், தான் எழுதிய புரோகிராமை பென் டிரைவில் வைத்துக்கொண்டு நண்பர்களின் கணினியில் வேலை பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனந்த் வெங்கடேஸ்வரன் முன்னாள் பத்திரிகையாளர். இருவரும் சேர்ந்து ‘மெட்டாபர்ஸ்’ என்ற நிதியின் பெயரில் டிஜிட்டல் கலைப் படைப்புகளை வாங்கினார்கள். வெளியே அவர்கள் பெயர் மெட்டாகோவன், டூபடோர். கோவன் என்றால் அரசன்.

2020 டிசம்பரில் ‘பீப்பிள்’ என்ற பெயரில் வரையும் அமெரிக்கக் கலைஞர் மைக் விங்கல்மனின் 20 படைப்புகளைச் சுமார் 22 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். அவற்றை எங்கே மாட்டுவது? டிசென்ட்ராலண்ட், கிரிப்டோவாக்ஸல்ஸ், சோம்னியம் ஸ்பேஸ் என்ற மூன்று மெய்நிகர் உலகங்களில் நிலம் வாங்கி அருங்காட்சியகங்கள் கட்டினார்கள். டிக்கெட் கிடையாது. இன்டர்நெட் உள்ள யாரும் உள்ளே நடந்து பார்க்கலாம்.

2021 மார்ச் 11 அன்று கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் பீப்பிளின் ‘எவ்ரிடேஸ்’ விற்பனையானது. 2007 மே 1 முதல் தினம் ஒரு படம் என்று அவர் விடாமல் செய்த 5000 படங்களின் தொகுப்பு அது. 100 டாலரில் தொடங்கிய ஏலம் 6.93 கோடி டாலரில் முடிந்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 500 கோடி ரூபாய். வாங்கியவர் மெட்டாகோவன். ஒரு வாரம் கழித்துத்தான் அவர்கள் யார் என்பதை வெளியே சொன்னார்கள். இந்தியர்களும் வெள்ளையர் அல்லாதவர்களும் கலையின் புரவலர்களாக இருக்க முடியும் என்று காட்டுவதே நோக்கம் என்றார்கள்.

பெருமையோடு நிறுத்திவிடக் கூடாது

இதுவரை படித்து ‘நம்ம ஊர் ஆள்’ என்று மகிழ்ந்திருப்பீர்கள். நானும் மகிழ்ந்தேன். ஆனால் மீதிக் கதையையும் கேட்க வேண்டும்.

அந்த மூன்று அருங்காட்சியகங்களையும் 20 படைப்புகளையும் ஒன்றாக்கி, ‘பி.20’ என்ற பெயரில் 1 கோடி டோக்கன்களாகப் பிரித்தார்கள். பாதிக்கு மேல் மெட்டாபர்ஸ் வசம் இருந்தது. 2 சதவீதம் பீப்பிளிடம் இருந்தது. ஒரு பகுதி பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரு டோக்கன் 36 சென்ட். கிறிஸ்டீஸ் ஏலம் நடந்த மார்ச்சில் 20 டாலரைத் தாண்டியது. சில மாதங்களில் ஒரு டாலருக்கும் கீழே வந்துவிட்டது. உச்சத்தில் வாங்கிய சாதாரண ஆட்களின் பணம் கரைந்தது. இது கலைக்கான ஆதரவா, விலையை ஏற்றும் வழியா என்று விமர்சகர்கள் அப்போதே கேட்டார்கள்.

கலைஞர்களுக்குக் கொடுத்த வாக்குறுதியும் நிலைக்கவில்லை. படைப்பு கைமாறும் ஒவ்வொரு முறையும் வரைந்தவருக்கு ஒரு பங்கு வரும் என்றுதான் பலரை இதற்குள் அழைத்தார்கள். ஆனால் பெரிய சந்தையான ஓப்பன்சீ, அந்தப் பங்கைக் கட்டாயமாக வசூலிப்பதைக் கைவிடப்போவதாக 2023-ல் அறிவித்தது.

கண்காட்சிக் கூடங்களுக்கும் இதே கதிதான். மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. கொரோனா காலத்தில் எத்தனையோ பேர் கூடிய மோசில்லா ஹப்ஸ் சேவையை அந்த நிறுவனம் 2024 மே 31-ல் நிறுத்தியது. வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடித்தவர்களுக்கு இது தெரிந்த அனுபவம்தான்: வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் படத்தைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். ஆனால் இங்கே பலருக்குக் கழற்றி எடுத்துக்கொள்ளத் தனியாக ஒரு பிரதிகூட இல்லை.

பணமில்லாத பக்கம்

அதற்காக எல்லாமே வெறும் சூதாட்டம் என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் திருமணம் செய்த ஒரு ஜோடி, வரவேற்பை மெய்நிகர் உலகத்தில் வைத்தது. மண்டபம் ஹாரி பாட்டர் கதையில் வரும் கோட்டை. மணமகளின் காலமான தந்தைக்கும் ஓர் உருவம் வரைந்து அங்கே நிறுத்தியிருந்தார்கள். எந்தக் கல்யாண மண்டபத்திலும் முடியாத ஒன்று அது. அந்த உருவத்தை வரைந்தவரின் வேலையும் கலைதான். அதற்கு ஏலத்தில் விலை வைக்க முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில் டிஜிட்டலாக வரையும் பிள்ளையோ, பிரிண்டிங் யூனிட்டுக்கு டிசைன் போடும் இளைஞரோ இருக்கலாம். அவர்களிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்.

ஒன்று, மூலக் கோப்பு எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும். வரைந்த தேதியையும் பெயரையும் சேர்த்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். டி-ஷர்ட் டிசைன் போட்டவரின் பெயர் எந்த லேபிளிலும் வருவதில்லை. நம் கணக்கையாவது நாம் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு, மெய்நிகர் கூடத்தில் வைத்த படைப்பை, அது இயங்கும்போதே வீடியோவாகப் பதிவு செய்துவிடுங்கள்.

மூன்று, டோக்கன் என்று யாராவது பணம் கேட்டால் பெரியவர்களிடம் காட்டாமல் போடாதீர்கள். 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் இப்படிப்பட்ட மெய்நிகர் சொத்துகளின் லாபத்துக்கு 30 சதவீதம் வரி உண்டு. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

கோலம் மறுநாள் காலையில் அழிந்துவிடும். அது நமக்குத் தெரியும், அதனால் வருத்தம் இல்லை. மறுபடி போடும் கை நம்மிடம் இருக்கிறது. கணினிக்குள் செய்வது நிரந்தரம் என்று நம்பியவர்கள்தான் ஏமாந்தார்கள். ஒவ்வொரு மார்கழியும் நம் தளத்தில் போடும் கோலங்களின் படங்கள் யார் யார் போனிலோ கிடந்து, போன் மாறும்போது போய்விடுகின்றன. இந்த மார்கழியிலிருந்து அவற்றைப் போட்டவர் பெயரோடும் தேதியோடும் சங்கத்தின் கணினியில் ஒரே ஃபோல்டரில் சேர்க்கலாம் என்று முன்மொழிகிறேன். அடுத்த கூட்டத்தில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.