இரண்டு வாசல் வைத்த ரயிலடி

ரயில் வந்ததும் தீண்டாமை தளர்ந்தது என்று நம்முடைய வரலாற்றுப் புத்தகங்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஒரே பெட்டி, ஒரே நெரிசல், அப்புறம் என்ன பேதம் என்பது வாதம். ரயில் எவ்வளவு நவீனமோ, ரயிலடி வாசலில் மாட்டிய போர்டும் அவ்வளவு நவீனம்தான் என்று நான் சொல்கிறேன். அந்தப் போர்டை அதன் முழு வடிவத்தில் பார்க்கணும்னா தென்னாப்பிரிக்காவுக்குப் போகணும்.

போர்ட் எலிசபெத் நகரத்தை ஒட்டி நியூ பிரைட்டன் என்ற கறுப்பர் குடியிருப்பு. 1952 ஜூன் 26 விடியற்காலை, அங்கிருந்த ரயிலடியில் 'ஐரோப்பியர் மட்டும்' என்று எழுதியிருந்த வாசல் வழியாகச் சுமார் முப்பது பேர் பாட்டுப் பாடிக்கொண்டே நுழைந்தார்கள். தலைமை தாங்கியவர் ரேமண்ட் ம்லாபா. சலவைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கக்காரர். உள்ளே போலீஸ் காத்திருந்தது. நிறவெறிச் சட்டங்களை மீறும் இயக்கம் அன்றைக்குத்தான் தொடங்கியது. சில மாதங்களுக்குள் நாடு முழுக்க 8,000 பேருக்கு மேல் கைதானார்கள்.

முதல் மீறலுக்கு ஏன் ஒரு வாசல்? யோசித்துப் பாருங்க. நகரத்து ஆலைகளுக்கும் வெள்ளைக்காரன் வீட்டுச் சமையலறைக்கும் கறுப்பர்களின் உழைப்பு தினமும் வேண்டும். அதனால அவங்களை வராதேன்னு சொல்ல முடியாது. வா, ஆனா அந்தப் பக்கமா வா என்றுதான் சொல்ல முடியும். போர்டின் வேலை அதுதான். ஆளைத் தடுப்பதல்ல, உள்ளே விடும்போதே கீழே இறக்கி விடுவது. சேரிக்காரன் கை வயலுக்கு வேணும், அவன் கால் மட்டும் தெருவுக்கு ஆகாது என்பது நமக்குப் புதுசா என்ன?

போர்டின் மொழியையும் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்த வெள்ளையன் 'ஐரோப்பியன்'. அந்த மண்ணின் மக்கள் 'ஐரோப்பியர் அல்லாதோர்'. அவர்களுக்கென்று ஒரு பெயர்கூட இல்லை, ஒரு 'அல்லாத' மட்டும்தான். 1860 முதல் நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களும் அந்த 'அல்லாத'வுக்குள்தான் அடைக்கப்பட்டார்கள். ஊரில் தனக்குக் கீழே ஆள் வைத்திருந்த சாதிக்காரனுக்கும் அங்கே கீழ்வாசல்தான். அதே 1952 ஆகஸ்ட் கடைசியில் டர்பன் பெரியா ரயில் நிலையத்தில் டாக்டர் மான்ட்டி நாயக்கரும் ஆப்பிரிக்கத் தோழர்களும் சேர்ந்தே போர்டை மீறினார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். கேப் டவுன் ரயில் நிலையத்தில் வெள்ளையர் காத்திருப்பு அறைக்குள் போன லூசு என்பவரின் வழக்கு 1953இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. தனித்தனியாக வைக்கலாம், ஆனால் வசதி சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் அவர் மேல் குற்றம் இல்லை என்றது. அரசு என்ன செய்தது? வசதியைச் சமமாக்கவில்லை. அதே ஆண்டு தனி வசதி ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்து, சமமில்லாவிட்டாலும் செல்லும் என்று எழுதிவைத்தது. போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த நெஞ்சை வாய்விட்டுச் சொல்ல வைத்தவர்கள் வாசல் மாறி நுழைந்தவர்கள்தான். அந்தச் சட்டம் 1990இல்தான் ஒழிந்தது.

இங்கேயும் எழுதிய போர்டு இருந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம். பெரியார் போராடி 1941இல் அது நீங்கியது. ஆனால் தீண்டாமைக்கு எழுத்து தேவைப்படவில்லை. 1901இல் சிறுவன் அம்பேத்கர் அண்ணனோடு மசூர் ரயிலடியில் இறங்கினார். நல்ல உடுப்பு. நிலைய அதிகாரி அன்பாகத்தான் விசாரித்தார். 'மகர்' என்று பதில் வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. வெளியே நின்ற மாட்டுவண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. அந்த வாசலில் இப்படி எந்தப் போர்டும் இல்லை. 'நீங்க யாரு?' என்ற கேள்விதான் போர்டு.

எங்க ஊரு டீக்கடையிலயும் போர்டு இருந்ததில்ல. எந்த கிளாஸ் யாருக்குன்னு அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜோகன்னஸ்பர்க்கில் 2001இல் திறந்த நிறவெறி அருங்காட்சியகத்தில், வருகிறவர்களுக்கு வெள்ளையர் என்றும் அல்லாதோர் என்றும் சீட்டுக் கொடுத்து இரண்டு வாசல்களில் அனுப்புகிறார்கள். எழுதிய போர்டை மீறலாம், வழக்காடலாம், கடைசியில் கழற்றிக் கண்ணாடிக்குள் வைக்கலாம். எழுதாத போர்டைக் காட்டினால், 'அப்படி ஒண்ணு இல்லவே இல்லையே' என்கிறான். அதனால்தான் நம்மவர்களின் சாட்சியங்களை விடாமல் கேட்கிறேன். எந்த வாசல், எந்தக் கேள்வி, கேட்டது யார், எந்த வருஷம் என்று எழுதுங்கள். எழுதினால்தான் அது போர்டு என்று ஊருக்குத் தெரியும்.