எஃப்எஃப்எம்பெக்

எஃப்எஃப்எம்பெக் என்பது ஒலியையும் நிகழ்படத்தையும் சுருக்கவும் விரிக்கவும் வடிவம் மாற்றவும் இணையத்தில் நேரலையாக அனுப்பவும் உதவும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பு. பிரான்சைச் சேர்ந்த நிரலர் ஃபப்ரீஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டில், ழெரார் லாந்தோ என்ற புனைபெயரில், இதைத் தொடங்கினார். 2004 முதல் 2015 வரை மைக்கேல் நீடர்மாயர் வழிநடத்தினார். இடையில் 2011இல் பங்களிப்பாளர்களுக்குள் பிணக்கு மூண்டு, ஒரு குழு லிப்ஏவி என்ற தனித் திட்டமாகப் பிரிந்துபோனது. பெயரின் முன்பாதி ‘ஃபாஸ்ட் ஃபார்வர்ட்’ என்பதன் முதலெழுத்துகள்; பின்பாதி எம்பெக் என்னும் தர நிர்ணயக் குழுவின் பெயரிலிருந்து வந்தது.

விஎல்சி, ஓபிஎஸ் ஸ்டுடியோ, குரோம் உலாவி ஆகியவற்றின் உள்ளே இதன் நூலகங்கள் வேலை செய்கின்றன. 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் தரையிறக்கக் கேமராப் படங்களைச் சுருக்கவும் இதுவே பயன்பட்டது.

அமைப்பு

சுருக்காத நிகழ்படம் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த மென்பொருளின் தேவை விளங்கும். 1920×1080 புள்ளிகள், புள்ளிக்குச் சராசரியாக ஒன்றரை பைட், நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 93 மெகாபைட். இதை அப்படியே அனுப்ப 746 மெகாபிட் வேகம் வேண்டும். 2003இல் தரமாக்கப்பட்ட எச்.264 முறையில் இதே படம் சில மெகாபிட்டுகளுக்குள் அடங்கிவிடும்.

தொகுப்பின் இரு தூண்கள் லிப்ஏவிஃபார்மேட், லிப்ஏவிகொடெக் என்னும் நூலகங்கள். எம்பி4, எஃப்எல்வி போன்ற கொள்கலன்களைத் திறந்து உள்ளிருக்கும் பாக்கெட்டுகளை எடுப்பதும், புதிய கொள்கலனில் அடுக்குவதும் முன்னதன் வேலை. பாக்கெட்டை ஃபிரேமாக விரிப்பதும், ஃபிரேமைப் பாக்கெட்டாகச் சுருக்குவதும் பின்னதன் வேலை. ஒரு பாக்கெட் கொடுத்தால் ஒரு ஃபிரேம் உடனே வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சில ஃபிரேம்கள் பின்னால் வரும் ஃபிரேமையும் சார்ந்திருப்பதால், சுருக்கி விரிக்கும் நிரலான கொடெக் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். அதனால்தான் 2016இல் வந்த 3.1 பதிப்பில் ‘அனுப்பு’, ‘பெறு’ என்று இரண்டு தனி அழைப்புகள் கொண்டுவரப்பட்டன. நிரல் முடியும்போது வெற்றுப் பாக்கெட் ஒன்றை அனுப்பி, உள்ளே தங்கியதை எல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் பதிவின் கடைசிக் கணங்கள் காணாமல் போகும்.

தொகுப்பு எல்ஜிபிஎல் உரிமத்தில் வெளியாகிறது. எக்ஸ்264 குறியாக்கியைச் சேர்த்துக் கட்டினால் முழுவதும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்துவிடும். வணிக மென்பொருள் எழுதுவோர் முதல் நாளிலேயே பார்க்க வேண்டியது இது.

நேரக் கணக்கு

புதிதாக நேரலை நிரல் எழுதுவோர் சுருக்கத்தின் தரத்தையே நினைத்துக் கவலைப்படுகிறார்கள். உண்மையில் நிரலைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நேரம்தான். ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு நேரமுத்திரைகளைச் சுமக்கிறது: எப்போது விரிக்க வேண்டும் என்பது ஒன்று, எப்போது காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. இவை நொடியில் அல்ல, கொள்கலனுக்குக் கொள்கலன் மாறும் அலகில் எண்ணப்படுகின்றன. எஃப்எல்வியில் நொடிக்கு 1000 அலகு. எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் 90000. மாற்றாமல் விட்டால் படம் 90 மடங்கு வேகமாக ஓடும், அல்லது உறைந்து நிற்கும்.

எஃப்எஃப்எம்பெக் இந்த அலகைத் தசம எண்ணாக அன்றி, முழு எண்களின் பின்னமாகவே வைத்திருக்கிறது. இது மிகச் சரியான முடிவு. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 33.33 மில்லிநொடி. நிரலர் அதை 33 என்று வெட்டி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூட்டிக்கொண்டே போனால், ஒரு மணி நேரத்தில் கடக்கும் 1,08,000 ஃபிரேம்களில் 36 நொடி தொலைந்திருக்கும். பேசுபவரின் உதடு ஓரிடத்திலும் குரல் வேறிடத்திலும் இருக்கும். ஃபிரேமின் வரிசை எண்ணிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டால் பிழை அரை மில்லிநொடியைத் தாண்டாது. ஒலிக்கும் தனிக் கணக்கு உண்டு: 48000 மாதிரி வேகத்தில் ஒரு ஏஏசி ஃபிரேம் 1024 மாதிரிகள், அதாவது 21.33 மில்லிநொடி. இவ்விரு தாளங்களையும் முத்திரை வரிசையில் பின்னி எழுதும் அழைப்பை லிப்ஏவிஃபார்மேட்டே தருகிறது.

நாள் முழுக்க ஓடும் ஒளிபரப்பில் இன்னொரு பள்ளம் உண்டு. டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமின் முத்திரை 33 பிட் எண், சுமார் 26.5 மணி நேரத்தில் அது நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். ஒரு மணி நேரச் சோதனையில் இப்பிழை தலைகாட்டாது. மறுநாள்தான் ஒளிபரப்பு அறுபடும்.

தாமதம்

கோப்புக்கு எழுதும்போது எக்ஸ்264 தன் இயல்பான அமைப்பில் 40 ஃபிரேம் வரை முன்னோக்கிப் பார்த்துவிட்டே பிட்டுகளைப் பங்கிடும். நேரலையில் இது மட்டுமே ஒரு நொடிக்கு மேல் தாமதம். ‘ஜீரோ லேட்டன்சி’ அமைப்பு அந்த முன்னோட்டத்தையும், பின்வருவதைச் சார்ந்த ஃபிரேம்களையும் கைவிடுகிறது. அதே பிட் அளவில் தரம் சற்றுக் குறையும்.

எஞ்சிய தாமதம் அனுப்பும் வழியைப் பொறுத்தது. ஃபிளாஷ் பிளேயருக்காக உருவான ஆர்டிஎம்பி, ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 முடிவில் நின்ற பிறகும், சேவையகத்துக்கு ஏற்றும் வழியாகப் பிழைத்திருக்கிறது. பார்வையாளருக்குக் கொண்டுசேர்க்க, 2009இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ் படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சாதாரண வலைக் கோப்புகளாக வைக்கிறது. துண்டு 6 நொடி, இயக்கி மூன்று துண்டு பின்தங்கித் தொடங்கும் என்றால் 18 நொடி அங்கேயே போய்விடும். துண்டுகள், வேறெந்த ஃபிரேமையும் சாராத முழு ஃபிரேமில்தான் தொடங்க முடியும் என்பதால், முழு ஃபிரேம்களின் இடைவெளியைக் குறியாக்கியில் 2 நொடி போல நிலையாக அமைப்பது வழக்கம். இருவழி உரையாடலுக்கு இந்தத் தாமதம் ஒத்துவராது. அங்கே ஒரு நொடிக்குள் எட்டும் வெப்ஆர்டிசி பயன்படுகிறது.