இலவச சீட்டுக்கு யார் காசு கொடுத்தது? ஏர்லைன் மைல்களின் கதை

இன்றைய எபிசோடை ஒரு புட்டிங் கப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1999. கலிஃபோர்னியாவில் ஒரு சிவில் என்ஜினியர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார். 'ஹெல்தி சாய்ஸ்' என்ற உணவு பிராண்ட் ஒரு ஆஃபர் போட்டிருக்கிறது: பத்து பார்கோடு வெட்டி அனுப்பினால் 500 ஏர்லைன் மைல். சீக்கிரம் அனுப்பினால் இரட்டிப்பு, அதாவது 1,000 மைல். அவர் கடையில் தேடித் தேடிப் பார்த்தார். அந்த பிராண்டிலேயே மலிவானது 25 சென்ட் புட்டிங். அதில் 12,150 கப் வாங்கிக் குவித்தார். செலவு மூவாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல். கிடைத்தது பன்னிரண்டரை லட்சம் மைலுக்கு மேல்! அத்தனை கப்பிலும் பார்கோடு கிழிக்க ஆள் வேண்டுமே? புட்டிங்கை ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, அங்கே இருந்தவர்களையே லேபிள் கிழித்துத் தரச் சொன்னார். தானம் பண்ணியதற்கு வரிச் சலுகையும் வாங்கிவிட்டார். 2002-இல் வந்த 'பஞ்ச் டிரங்க் லவ்' படத்தில் ஆடம் சாண்ட்லர் புட்டிங் வாங்கிக் குவிப்பாரே, அது இவர் கதையிலிருந்து வந்ததுதான்.

சரி, ஒரு கேள்வி. அந்த ஃப்ளைட் சீட்டுக்கு உண்மையில் யார் காசு கொடுத்தது? இந்தக் கேள்வியைக் கையில் பிடிச்சுக்கிட்டே வரலாற்றுக்குள்ள போவோம்.

இந்தப் பழக்கம் விமானத்துக்கும் முந்தையது. 1896-இல் அமெரிக்காவில் ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் என்ற கம்பெனி 'கிரீன் ஸ்டாம்ப்' ஆரம்பித்தது. மளிகைக் கடையில் சாமான் வாங்கினால் சின்னச் சின்ன ஸ்டாம்ப் தருவார்கள். அதை எச்சில் தொட்டு புக்கில் ஒட்டி, புக் நிறைந்ததும் டோஸ்டரோ விளக்கோ வாங்கிக்கொள்ளலாம். வாங்குகிறவருக்கு அது இலவசம். ஆனால் கடைக்காரர் அந்த ஸ்டாம்பைக் கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கினார். அந்தக் காசு கடைசியில் சாமான் விலையில்தானே ஏறும்? ஃபார்முலா அங்கேயே தயார்.

இப்போது விமானத்துக்கு வருவோம். 1978 வரை அமெரிக்காவில் உள்நாட்டு விமானக் கட்டணத்தை அரசு அமைப்பு ஒன்றுதான் கட்டுப்படுத்தியது. எந்த ரூட்டில் யார் பறக்கலாம் என்பதும் அவர்கள் கையில். அந்த வருடம் அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. உடனே விலைப் போட்டி. எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி சீட்டைத்தான் விற்கிறது. பத்து டாலர் குறைவாக இருந்தால் ஆள் அடுத்த கம்பெனிக்குத் தாவிவிடுவார். அவரை எப்படிப் பிடித்து வைப்பது?

அமெரிக்கன் ஏர்லைன்ஸிடம் 'சேபர்' என்ற கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் சிஸ்டம் இருந்தது. அடிக்கடி பறப்பவர் யார் என்று அதில் தேடி எடுக்க முடிந்தது. 1981 மே 1 அன்று 'அட்வான்டேஜ்' திட்டத்தை அறிவித்தார்கள். பறக்கப் பறக்க மைல், மைல் சேர்ந்தால் டிக்கெட். சில நாட்களிலேயே யுனைடெட்டும் தன் திட்டத்தோடு வந்து நின்றது.

கம்பெனிக்கு இதில் நஷ்டம் இல்லையா? ராத்திரி கடை மூடும் நேரத்தில் பூக்கடைக்கார அக்காவை யோசிச்சுப் பாருங்க. மீந்த மல்லிகை நாளைக்கு விற்காது. காலி சீட்டும் அப்படித்தான், கதவு மூடியதும் அதன் மதிப்பு பூஜ்யம். அதில் ஒருவரை உட்கார வைக்க ஆகும் செலவு ரொம்பக் கம்மி.

இதில் இன்னொரு சூட்சுமம். அடிக்கடி பறந்தவர்களில் பெரும்பகுதி ஆபீஸ் வேலையாகப் போனவர்கள். டிக்கெட் காசு முதலாளியுடையது, மைல் ஊழியருடையது. "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே" என்று நம்ம ஊரில் சொல்வார்களே, அதேதான். கட்டணம் கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் மைல் தரும் கம்பெனியையே தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த திருப்பம் 1987. சிட்டி பேங்க்கும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்து கிரெடிட் கார்டு கொண்டுவந்தன. ஒரு டாலர் செலவுக்கு ஒரு மைல். இனி மைல் சேர்க்கப் பறக்கவே வேண்டாம், மளிகை வாங்கினால் போதும். 1991-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பல ஏர்லைன்களுக்கு மாற்றக்கூடிய பாயிண்ட் கொடுக்க ஆரம்பித்தது. 1997-இல் ஐந்து ஏர்லைன்கள் சேர்ந்து 'ஸ்டார் அலையன்ஸ்' அமைத்தன. ஒரு கம்பெனியின் மைலில் இன்னொரு கம்பெனி விமானத்தில் கண்டம் தாண்டலாம். 2000-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸில் முழுசாகப் படுக்கும் சீட்டைக் கொண்டுவந்தது. இன்று இன்ஸ்டாகிராமில் நாம் பார்க்கும் அந்தக் கனவு, இந்த நாலும் சேர்ந்து செய்தது.

ஆனால் பேங்க் அந்த மைலை ஏர்லைனிடம் காசு கொடுத்துத்தான் வாங்குகிறது. அந்தக் காசு எங்கிருந்து? ஒவ்வொரு முறை கார்டு தேய்க்கும்போதும் கடைக்காரர் கட்டும் கட்டணத்திலிருந்து. அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு அது சுமார் 2 சதவீதம். கடைக்காரர் அதைத் தன் பையிலிருந்தா போடுவார்? விலையில் ஏற்றுவார். அந்த ஏறிய விலையை ரொக்கமாகக் கொடுப்பவரும் கட்டுகிறார், ஆனால் அவருக்குப் பாயிண்ட் கிடையாது.

2010-இல் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டார்கள். ரொக்கம் பயன்படுத்தும் குடும்பம் சராசரியாக வருடத்துக்கு 149 டாலர் இழக்கிறது. கார்டு பயன்படுத்தும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. பொதுவாக யார் ரொக்கம், யார் கார்டு? ஏழை ரொக்கம், வசதியானவர் கார்டு. புட்டிங் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. மீதிப் பாதி, பில்லை முழுசாகக் கட்டாமல் வட்டி கட்டிக்கொண்டே இருப்பவர்கள்.

இந்த வியாபாரம் எவ்வளவு பெரிசு என்று 2020-இல்தான் பலருக்கும் புரிந்தது. கோவிட்டில் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் தன் மைல் திட்டத்தையே அடமானம் வைத்து 6.8 பில்லியன் டாலர் திரட்டியது. அந்தத் திட்டத்தின் மதிப்பு சுமார் 22 பில்லியன் என்று அவர்களே சொன்னார்கள். அப்போது பங்குச் சந்தையில் முழு யுனைடெட் கம்பெனியின் மதிப்பே அதைவிடக் குறைவு! விமானத்தைவிட மைல்தான் நல்ல அடமானப் பொருள்.

கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தால்? ஐரோப்பிய யூனியன் 2015-இல் கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம் என்று வரம்பு வைத்தது. அமெரிக்க அளவுக்குத் தாராளமான பாயிண்ட்களை அங்கே எதிர்பார்க்க முடியாததற்கு அது முக்கியக் காரணம். நம்ம ஊரில் பேங்க் அக்கவுன்ட்டிலிருந்து யூபிஐ-யில் டீக்குக் காசு அனுப்பினால் ஏன் மைல் வருவதில்லை என்று யோசிச்சிருக்கீங்களா? 2020 ஜனவரி முதல் அதற்குக் கடைக்காரரிடம் கட்டணமே வாங்கக்கூடாது என்பது விதி. எடுக்க ஆள் இல்லை, கொடுக்கப் பாயிண்டும் இல்லை.

கடைசியாக ஒன்று. மைல் என்பது ஏர்லைன் அடிக்கும் நோட்டு. அதன் மதிப்பை அவர்கள் நினைத்தால் குறைக்கலாம். 2015-இல் டெல்டா, எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற பட்டியலையே வெப்சைட்டிலிருந்து எடுத்துவிட்டது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் கடைசி ஃப்ளைட்டை ஓட்டியது. மைல் திட்டம் தனிக் கம்பெனி என்பதால் பிழைத்து, வேறு பெயரில் ஓடியது. சேர்த்தவர்களிடம் மைல் இருந்தது, விமானம்தான் இல்லை.

அதனால பாயிண்ட் சேர்க்காதீங்கன்னு நான் சொல்லல. நானும் சேர்க்கிறேன். ஆனா பில்லை மாசா மாசம் முழுசா கட்டுங்க. மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி போகும்போது எந்த பிசினஸ் கிளாஸும் லாபம் கிடையாது, உங்க காசுல வேற யாரோதான் படுத்துக்கிட்டுப் போவாங்க. சேர்ந்ததைப் பதுக்கி வைக்காம பயன்படுத்திடுங்க. ஒருநாள் அந்த சீட்டுல கால் நீட்டிப் படுத்தா, முந்தின வாரம் உங்களுக்குப் பின்னால ரொக்கத்தோட வரிசையில நின்னவரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. டிக்கெட்டில் அவர் பங்கும் இருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.