சிறுவாட்டுக் கோழி

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் கிராமங்களில் மாட்டுக்குத் தொழு உண்டு, ஆட்டுக்குக் கிடை உண்டு. கோழிக்கு வீட்டைவிட்டுத் தனியாக ஓர் இடம் ஒதுக்கியதில்லை. பகலெல்லாம் களத்திலும் குப்பைமேட்டிலும் கிளறிவிட்டுப் பொழுது சாய்கையில் அது வீட்டுக்கு வந்துவிடும். திண்ணைக்கு அடியிலேயே சின்னதாக ஒரு கூடு விட்டுக் கட்டி, அதன் வாயைப் பலகைக்கல்லால் அடைப்பார்கள். அந்த வசதி இல்லாத வீட்டில் மூங்கில் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்துவிடுவார்கள். மழைக்காலத்திலும் அடைக்காலத்திலும் பஞ்சாரம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

இந்த ஏற்பாடு மிகப் பழையது. குறுந்தொகையின் 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு வீட்டுக்கோழியைக் காட்டுகிறார். மாலையில் வேலியோரம் காட்டுப்பூனை வந்துவிட, பேடை பதறிக் கூவிக் குஞ்சுகளை அழைக்கிறது. பட்டினப்பாலையில் காயப்போட்ட தானியத்தைக் கொத்த வரும் கோழிமேல் பெண்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். செல்வத்தைச் சொல்ல வந்த மிகை அது. ஆனால் முற்றத்தில் தானியமும் அதைக் கொத்தக் கோழியும் இருந்ததில் மிகை இல்லை. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில், சண்டைச் சேவல் ஒன்றுக்கு அதன் உருவத்தைச் செதுக்கி எடுத்த நடுகல் உள்ளது. ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சேவலின் பெருமை போர்க்களத்தில்; வீட்டுக்குள் அதிகாரம் பேடைக்குத்தான்.

கோழியின் பிறப்பிலும் இந்த மாவட்டத்துக்கு ஒரு சின்னப் பங்கு உண்டு எனலாம். வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை தென்கிழக்காசியச் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் பல இனங்களில் தெரியும் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தவை என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அந்தச் சாம்பல் காட்டுக்கோழி ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டில் இன்றும் திரிகிறது.

வீட்டுக்குள் கோழிக்குக் கிடைத்த முதல் மரியாதை அடைக்காலத்தில்தான். தானியக் குலுக்கையின் ஓரமோ அடுப்படி மூலையோ, இருட்டும் கதகதப்பும் உள்ள இடமாகப் பார்ப்பார்கள். பழைய கூடையில் மணலோ தவிடோ பரப்பி, முட்டைகளை ஒற்றைப்படையில் எண்ணி வைப்பார்கள். கூடவே ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, இரண்டு மிளகாய் வற்றல். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்ற பயத்துக்கு இது காப்பு. 21 நாள் அந்த மூலைப் பக்கம் பிள்ளைகளை அண்டவிடமாட்டார்கள். கோழி நாளுக்கு ஒருமுறை இறங்கி, தீனி தின்று, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்ளும். முட்டை இல்லாமலே அடை கிடந்து அடம்பிடிக்கும் கோழிக்கு வேறு வைத்தியம்: தண்ணீரில் முக்குவார்கள், இல்லையென்றால் அதன் இறகையே மூக்குத் துவாரத்தில் செருகிவிடுவார்கள். அடை தெளிந்துவிடும். கோழிக்கு அது வைத்தியமாகப் பட்டிருக்காது.

இத்தனை சகித்துக்கொண்டு கோழியை வீட்டுக்குள் வைத்ததற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. நிலமும் மாடும் ஆண் பெயரில் இருந்தன. கோழி பெண்ணின் சொத்து. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் சிறுவாடாக அரிசிப் பானைக்குள் போயின. வானம் பார்த்த இந்தக் கந்தக பூமியில் கம்பும் சோளமும் பொய்த்த வருஷத்திலும் சிந்திய மணியையும் பூச்சியையும் தின்று கோழி முட்டையிட்டது. கோழி இல்லாதவள் அடுத்த வீட்டுக் கோழியை வாரத்துக்கு வாங்கி வளர்ப்பாள். குஞ்சுகளில் பாதி அவளுக்கு. மருமகன் வந்தால் அடிப்பதும் பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைப்பதும் இதே மந்தையிலிருந்துதான். இதைச் செல்லப் பிராணி வளர்ப்பு என்று சொல்ல முடியாது. வெறும் பண்ணைத் தொழில் என்றும் தள்ள முடியாது. அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவலை எத்தனை நெருக்கடியிலும் யாரும் விற்பதில்லை. 1950ஆம் ஆண்டுப் பலித்தடைச் சட்டத்தை 2003இல் அரசு கடுமையாக அமல்படுத்தத் தொடங்கியபோது தென்மாவட்டங்களில் எதிர்ப்புக் கிளம்பியதற்கு இப்படிப்பட்ட நேர்த்திகளும் ஒரு காரணம். 2004இல் அந்தச் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது.

மந்தையை ஒரே வாரத்தில் காலி செய்தது வெள்ளைக் கழிச்சல். 1920களின் இறுதியில் குமாவுன் மலையூரான ராணிக்கேட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அதற்கு அந்த ஊரின் பெயரே நின்றுவிட்டது. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள் அரைத்து உருட்டிக் கொடுத்தார்கள். ஆனாலும் வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி ஒன்றுதான் உருப்படியான காப்பு.

கோழியை வீட்டைவிட்டு வெளியேற்றியது நோயல்ல, வேலை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, மறு ஆண்டு சிவகாசியில் தொழிலைத் தொடங்கினர். 1940களில் பட்டாசு ஆலைகள் பெருகின. தீப்பெட்டிக் கட்டை வீட்டுக்கு வாங்கி வந்து ஒட்டிய காலத்தில் பெண்கள் வீட்டில் இருந்தார்கள். கோழிமேலும் ஒரு கண் இருந்தது. ஆலைப் பேருந்து விடியலில் கிராமத்துக்கே வந்து ஆள் ஏற்றத் தொடங்கியபின் பகலில் பருந்தையும் கீரியையும் விரட்ட ஆளில்லை. திண்ணைகளை இடித்துக் காரை வீடு கட்டியபோது கூடும் போனது. வாரக்கூலி கைக்கு வர, சிறுவாட்டுக்குக் கோழியை நம்ப வேண்டிய அவசியமும் குறைந்தது. சிவகாசியில் எல்லார் கண்ணிலும் படும் சேவல் காளீஸ்வரி ஆலையின் ‘காக்’ பிராண்டுப் பட்டாசுப் பெட்டியில் நிற்கும் சேவல்தான்.

கோழி திரும்ப வீட்டுக்குள் வந்தது பிள்ளைகளின் கையில். முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் ஆலைகளில் பாதிக்குப் பாதி சேவற்குஞ்சுகள். முட்டையிடாதவை, கறிக்கும் தேறாதவை. அவற்றுக்குப் பச்சையும் ரோஸும் சாயமேற்றித் திருவிழாக் கடைகளிலும் சைக்கிள் கூடைகளிலும் விற்றார்கள். பழைய பிளாஸ்டிக்குக்கும் தலைமுடிக்கும் பண்டமாற்றாகவும் கொடுத்தார்கள். பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் குண்டு பல்பைத் தொங்கவிட்டு வளர்த்தார்கள். பட்டாசு ஊரில் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்? சூடு போதாமல் பெரும்பாலான குஞ்சுகள் சில நாளில் செத்தன. பிழைத்தவற்றுக்குச் சில வாரத்தில் புது இறகு முளைத்துச் சாயம் போனது. ரோஸ் குஞ்சு வெள்ளைச் சேவலாகி விடியற்காலையில் கூவியபோது வீட்டுப் பெரியவர்களின் பொறுமையும் போனது.

இப்போது நகரத்து மொட்டைமாடிகளில் கம்பிவலைக் கூண்டுகளில் சிறுவிடை, பெருவிடை நாட்டுக்கோழிகள் வளர்கின்றன. வளர்ப்பவர்களில் ஆண்களே அதிகம். சண்டைச் சேவலின் நிறமும் காலும் பார்த்து விலை பேசுகிறார்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இலவசக் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு, கோழியைப் பையில் போட்டுக்கொண்டு வருவது இன்றும் பெரும்பாலும் பெண்கள்தான்.