இளவேனிலில் ஒரு மாட்டுப் பண்ணை



அமெரிக்காவின் மேற்குப் பகுதி என்றதும் நம்மில் பலருக்கும் கௌபாய்களின் நினைவுதான் வரும். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டிய படங்களில் அவர்களைப் பார்த்திருக்கிறோம். தலையில் பெரிய தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, பாய்ந்து செல்லும் குதிரை. மாடுகள் மட்டும் எங்கோ தூரத்தில் புழுதியாகத் தெரியும். அந்த மாடுகள் பனிக்காலத்தில் எதைத் தின்றன, எங்கே கன்று போட்டன, யார் அவற்றைப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை அந்தப் படங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. வீட்டில் ஒரு பசுவையாவது வளர்த்தவர்களுக்கு அந்தக் கேள்விகள்தாம் முதலில் தோன்றும்.

இன்று நாம் மொன்டானா, வயோமிங் ஆகிய இரண்டு மாநிலங்களுக்குப் போவோம். அங்கே ஒரு குடும்பத்தார் நடத்தும் மாட்டுப் பண்ணையில் இளவேனில் காலம் எப்படிக் கழிகிறது, அந்த வேலைமுறை எந்த வரலாற்றிலிருந்து பிறந்தது என்பதைக் காண்போம்.

முதலில் பருவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நமக்கு ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுந்தான். அங்கே நவம்பர் மாதம் தொடங்கிப் பல மாதங்கள் நிலம் பனியில் கிடக்கும். மார்ச்சு முதல் மே வரை இளவேனில். பெயர்தான் இளவேனில், ஏப்ரல் மாதத்திலும் பனிப்புயல் அடிப்பதுண்டு. புல் தளிர்ப்பதற்கு மே மாதம் ஆகிவிடும். ஆனால் பசுக்கள் கன்று ஈனுவதோ பிப்ரவரி, மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில். ஆகவே கன்று பூமியில் விழும்போது அதன் கீழே பெரும்பாலும் புல் இருக்காது, பனிதான் இருக்கும். பண்ணை வாழ்க்கையின் பாடெல்லாம் இந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

அந்தச் சமவெளிகளில் முதலில் மேய்ந்தவை பசுக்கள் அல்ல; பைசன் எனப்படும் காட்டெருமைகள். அவை கோடிக்கணக்கில் இருந்தன. லக்கோட்டா, குரோ, பிளாக்ஃபீட் போன்ற பூர்வகுடி மக்கள் அவற்றை நம்பியே வாழ்ந்தார்கள். உணவு, உடை, கூடாரம் எல்லாமே பைசனிலிருந்து கிடைத்தன. 1870-களில் தோல் வணிகத்துக்காக வெள்ளையர் அவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். 1880-களின் நடுப்பகுதியில் சில நூறு மட்டுமே எஞ்சின. உணவை இழந்த பூர்வகுடி மக்கள் ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். மாடுகளுக்குக் கிடைத்த புல்வெளி இப்படிக் காலியாக்கப்பட்ட புல்வெளிதான். இதைச் சொல்லாமல் பண்ணையின் கதையைச் சொல்வது நியாயமாகாது.

தெற்கே டெக்சாஸ் மாநிலத்தில், 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, நீண்ட கொம்புடைய மாடுகள் இலட்சக்கணக்கில் கேட்பாரற்றுத் திரிந்தன. அங்கே மூன்று நான்கு டாலருக்கு விலைபோன மாடு, வடக்கே இரயில் நிலையம் வரை நடத்திக் கொண்டுபோனால் பத்து மடங்கு விலை பெற்றது. 1867-இல் கேன்சஸ் மாநிலத்தின் அபிலீன் ஊரில் மாட்டுச் சந்தை தொடங்கியது. பிறகு மாடுகள் மேலும் வடக்கே, வயோமிங்குக்கும் மொன்டானாவுக்கும் ஓட்டப்பட்டன. புல் அரசாங்க நிலத்துப் புல், செலவு இல்லை. வேலி இல்லை, கொட்டகை இல்லை, தீவனம் இல்லை. மாட்டை விட்டுவிட்டால் அது தானே மேயும், தானே பெருகும், இலையுதிர் காலத்தில் பிடித்து விற்றால் போதும் என்று எண்ணினார்கள். 1881-இல் ஜேம்ஸ் பிரிஸ்பின் என்னும் இராணுவ அதிகாரி, சமவெளியில் பணக்காரராவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார்.

பணம் கடல் கடந்து வந்தது. இலண்டனிலும் எடின்பரோவிலும் இருந்த செல்வர்கள் கம்பெனிகள் அமைத்தார்கள். சுவான் மாட்டுக் கம்பெனி 1883-இல் எடின்பரோவில் உருவானது. அதன் மாடுகள் மேய்ந்ததோ வயோமிங்கில். வாங்குவோரும் விற்போரும் மாடுகளை நேரில் எண்ணவில்லை. சென்ற ஆண்டு இத்தனை, இந்த ஆண்டு இத்தனை கன்றுகள் பிறந்திருக்கும் என்று கணக்குப் புத்தகத்தில் கூட்டிக்கொண்டே போனார்கள். ஏட்டில் மாடு பெருகியது. புல்வெளியில் எத்தனை இருந்தன என்பது யாருக்கும் தெரியாது.

1886-ஆம் ஆண்டு கோடை மிகவும் வறண்டது. மாடுகள் அளவுக்கு மீறி மேய்ந்ததால் புல் கட்டையாகிவிட்டது. மாடுகள் மெலிந்தபடியே பனிக்காலத்துக்குள் நுழைந்தன. நவம்பரில் பனி கொட்டத் தொடங்கியது. இடையில் சிறிது வெப்பம் வந்து மேற்பனி உருகியது. மறுபடி குளிர் இறங்கியபோது அது கல்லாக உறைந்தது. குதிரை குளம்பால் பனியைக் கீறிப் புல்லை எடுக்கும். பைசன் தலையால் பனியைத் தள்ளி மேயும். பசுவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. 1887 சனவரியில் பெரும் புயல் அடித்தது. சில இடங்களில் வெப்பமானி சுழியத்துக்குக் கீழே 40 பாகையையும் தாண்டி இறங்கியது. மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்தன. பள்ளங்களிலும் முள்கம்பி வேலிகளின் ஓரத்திலும் கும்பலாக நின்று மடிந்தன.

பனி உருகிய இளவேனிலில்தான் உண்மை வெளிப்பட்டது. ஓடைப் பள்ளங்களெல்லாம் மாட்டுப் பிணங்கள். பாதிக்கு மேல் இழந்தவர்கள் பலர். ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்தவர்களும் உண்டு. பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் டகோட்டாவில் வைத்திருந்த மந்தையிலும் பாதிக்கு மேல் மடிந்தது. சுவான் கம்பெனி அந்த ஆண்டே நொடித்தது. மொன்டானாவில் மாடு மேய்த்த சார்லஸ் ரசல் என்ற இளைஞர், மந்தையின் நிலை என்ன என்று கேட்ட முதலாளிக்கு மறுமொழியாக, பனியில் எலும்புந்தோலுமாக நிற்கும் ஒரு பசுவையும் அதைச் சுற்றி நிற்கும் ஓநாய்களையும் சிறு படமாக வரைந்து காட்டினார். அந்தப் படமே அவரைப் புகழ்பெற்ற ஓவியராக்கும் பாதையில் நிறுத்தியது. முன்னணிப் பண்ணையாளரான கிரான்வில் ஸ்டூவர்ட், தம்மால் தீனி போட்டுக் காக்க முடியாத ஓர் உயிரை இனிமேல் வளர்ப்பதில்லை என்று முடிவுசெய்தார்.

உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்பார்கள் நம் பெரியவர்கள். அந்த வசந்தம் அமெரிக்கருக்குக் கற்பித்ததும் இதுவே. பெரிய கம்பெனிகள் பல கலைந்தன. அந்த இடத்தில், சொந்த நிலத்தில் குடியிருந்து, சில நூறு மாடுகளை மட்டும் வைத்து, கோடையில் வைக்கோலைப் போல் புல்லை அறுத்து உலர்த்திச் சேமிக்கும் குடும்பப் பண்ணைகள் வேரூன்றின. 1862-இல் வந்த குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. வறண்ட பூமிக்கு அது போதவில்லை. 1909-இல் 320 ஏக்கர், 1916-இல் கால்நடை வளர்ப்போருக்கு 640 ஏக்கர் என்று சட்டம் மாறியது. அப்படியும் தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியேறிய குடும்பங்கள் ஏராளம். நிலைத்தவர்கள் உழைப்பாலும் அக்கம்பக்கத்தார் உதவியாலும் நிலைத்தார்கள்.

அப்படி நிலைத்த ஒரு பண்ணைக்குள் இப்பொழுது நுழைவோம். இருநூறு பசுக்கள் உள்ள பண்ணை என்று வைத்துக்கொள்வோம். அவை கறவைக்காக வளர்ப்பவை அல்ல, இறைச்சிக்காக வளர்ப்பவை. நம் வழக்கம் வேறு. ஆனால் ஈற்றுக் காலத்தில் பசுவுக்கு அருகில் விழித்திருப்பவரின் கவலை எங்கும் ஒன்றுதான்.

விடிந்ததும் முதல் வேலை தீனி. பனிக்காலம் முழுவதற்கும் ஒரு பசுவுக்கு ஏறக்குறைய இரண்டு டன் உலர்புல் வேண்டியிருக்கும். முன்பு குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிச் சென்று வாரியிறைத்தார்கள். இன்று பெரும்பாலும் டிராக்டர். சேமித்த புல் தீர்வதற்குள் புதுப்புல் வருமா என்பதே ஏப்ரல் மாதத்துக் கவலை.

அடுத்தது ஈற்று. பசு ஏறக்குறைய 283 நாள் சினை சுமக்கும். தலையீற்றுக் கிடேரிகளைத் தனியாகப் பிரித்து வீட்டுக்கு அருகில் உள்ள பட்டியில் கட்டாமல் விட்டுவைப்பார்கள். இரவில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை யாராவது எழுந்து விளக்கோடு போய்ப் பார்க்கவேண்டும். கணவன் ஒரு சாமம், மனைவி ஒரு சாமம், வளர்ந்த பிள்ளைகள் ஒரு சாமம் என்று முறைவைத்துக் கொள்வார்கள். மடி சுரந்து, வாலைத் தூக்கி, கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் பசுவைக் கண்டால் தூக்கம் போய்விடும். முன்னங்கால் குளம்பு இரண்டும் மூக்கும் முதலில் வந்தால் நல்லது. ஒரு கால் மடங்கியிருந்தாலோ பின்னங்கால் முதலில் வந்தாலோ, கைகொடுத்து உதவவேண்டும். கால்நடை மருத்துவர் பல மைல் தொலைவில் இருப்பார். அவர் வரும்வரை கன்று காத்திருக்காது.

பிறந்த கன்று ஈரமாக இருக்கும். குளிர்காற்று பட்டால் முதலில் காதும் வாலும் உறைந்துபோகும். பிறகு உயிரே போகும். விறைத்த கன்றைச் சமையலறை அடுப்பருகே கிடத்தித் துணியால் தேய்ப்பதும், வெந்நீர்த் தொட்டியில் இறக்கிச் சூடேற்றுவதும் அங்கே வழக்கம். அடுத்து, சீம்பால். நோயை எதிர்க்கும் சக்தி கன்றுக்குத் தாயின் வயிற்றில் கிடைப்பதில்லை. சீம்பாலின் மூலமே கிடைக்கிறது. பிறந்த ஒரு நாளுக்குள் அதைக் குடலுக்குள் ஏற்கும் வாயில் அடைத்துக்கொள்ளும். ஆகவே முதல் சில மணி நேரத்திலேயே ஊட்டிவிடவேண்டும். சீம்பாலை முழுவதும் கறந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்பவர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும்.

கன்றை இழந்த பசுவும் தாயை இழந்த கன்றும் ஒரே வாரத்தில் அமைவதுண்டு. பசு வாசனையால்தான் தன் கன்றை அறியும். அதனால் இறந்த கன்றின் தோலை உரித்து, அநாதைக் கன்றின் முதுகில் சட்டை போலக் கட்டிவிடுவார்கள். பசு முகர்ந்து பார்க்கும், மெல்ல ஏற்றுக்கொள்ளும். சில நாளில் தோலைக் கழற்றிவிடலாம். கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து வைத்துப் பால் கறந்த நம் கிராமத்து வழக்கம் நினைவுக்கு வருகிறதல்லவா? அங்கே அதே தந்திரத்தால் ஓர் உயிர் பிழைக்கிறது.

இத்தனை பாடு எதற்கு? பண்ணைக்கு மாதச் சம்பளம் கிடையாது. இளவேனிலில் பிறந்த கன்றுகளை இலையுதிர் காலத்தில் விற்பதுதான் ஆண்டு வருமானம். இருநூறு கன்றில் பத்து போனால் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு போயிற்று. நிலவரி, வங்கிக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த இரவுகளில் விழித்திருந்ததன் பலனிலிருந்துதான் வரவேண்டும்.

பனி குறைந்ததும் வேலி வேலை. முள்கம்பியை ஜோசப் கிளிடன் என்ற விவசாயி 1874-இல் காப்புரிமை பெற்றுப் பரப்பினார். பனியின் பாரத்தாலும் மான்களின் பாய்ச்சலாலும் அறுந்த கம்பிகளை மைல் கணக்கில் நடந்து இழுத்துக் கட்டவேண்டும். வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும். சாணத்தைப் புல்வயலில் பரப்பிவிட வேண்டும். வரும் பனிக்காலத்துத் தீனிக்கு இப்பொழுதே அடிப்படை போடுகிறார்கள்.

மே மாத இறுதியில் சூடு போடும் நாள். பண்ணையின் குறியைக் கன்றின் உடலில் இரும்பால் பொறிப்பார்கள். அந்தக் குறி அரசாங்கத்தில் பதிவானது. அதே நாளில் சப்பை நோய் முதலியவற்றுக்குத் தடுப்பூசி. காளைக் கன்றுகளுக்குக் காயடிப்பு. இது ஒரு குடும்பத்தால் ஆகிற வேலையன்று. சுற்றியுள்ள பண்ணைக்காரர்கள் குதிரையோடு வந்துவிடுவார்கள். கயிறு வீசிப் பிடிப்பவர் சிலர், கன்றை அழுத்திக்கொள்பவர் சிலர். சிறுவர்களும் தங்கள் பங்குக்கு ஒரு வேலை செய்வார்கள். கூலி கிடையாது. வயிறார விருந்து உண்டு. அடுத்த வாரம் இவர்கள் அவர்கள் பண்ணைக்குப் போவார்கள். பிறகு பசுக்களையும் கன்றுகளையும் மலைப் புல்வெளிக்கு ஓட்டிச் செல்வார்கள். அந்தப் புல்வெளியில் பெரும்பகுதி அரசாங்கத்தினுடையது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பொது நிலத்தில் இத்தனை மாடு, இத்தனை நாள் என்று உரிமம் பெற்றே மேய்க்கமுடிகிறது. புல் இலவசம் என்று எண்ணி அழிந்த காலம் முடிந்துவிட்டது.

நேயர்களே, குடும்பப் பண்ணைகளுக்கும் இன்று தொல்லைகள் குறைவில்லை. நிலத்தின் விலை ஏறிவிட்டது. மாடு வாங்கும் பெரிய இறைச்சிக் கம்பெனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிள்ளைகள் நகரத்துக்குப் போகிறார்கள். ஆயினும் வரலாறு நமக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. கடலுக்கு அப்பால் இருந்து ஏட்டுக் கணக்கு மட்டும் பார்த்தவர்களுக்கு மாடு ஓர் எண்ணாக இருந்தது. இலண்டனில் பங்குதாரர்கள் கூடி இலாபம் பேசிய இரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த நம் முன்னோருக்கு இது புதிய செய்தியன்று. அவர்களும் ஏட்டில் எண்களாகவே எழுதப்பட்டார்கள். புல்வெளியில் அந்த ஏட்டுக் கணக்கு ஒரே பனிக்காலத்தில் பொய்த்துப்போனது. நள்ளிரவில் விளக்கெடுத்துப் போய்ப் பார்த்த குடும்பங்களின் பண்ணைகளில் பல, மூன்று நான்கு தலைமுறை கடந்து இன்றும் நடக்கின்றன.

ஓர் ஆடோ மாடோ வளர்க்கும் நம் வீடுகளிலும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்போம். எத்தனை உயிரை நம்மால் காக்க முடியுமோ அத்தனையையே வளர்ப்போம். வளர்ப்பதை அருகிருந்து பார்ப்போம்.