சாவா மூவாப் பேராடும் ஆட்டோ-டெபிட்டும்

அறக்கட்டளை நடத்துகிறவர்கள் நாலு பேர் கூடி, ஆன்லைனில் நன்கொடை வாங்க எந்த வழி நல்லது என்று பேச ஆரம்பித்தால் பேச்சு நேராகக் கமிஷனுக்குத்தான் போகும். கார்டு என்றால் சுமார் 2 சதவீதம் போகுது, யு.பி.ஐ.க்கு 2020 ஜனவரியிலிருந்து வாங்குகிறவரிடம் கட்டணம் கிடையாது, அப்புறம் என்ன யோசனை, க்யூ.ஆர். அட்டையை ஒட்டிட வேண்டியதுதானே என்று முடித்துவிடுவார்கள். கமிஷனும் முக்கியம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனால் ஒரு தடவை கொடுத்துவிட்டுப் போகிற பணத்துக்குத்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். மாசாமாசம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கை யார் கையில் வைப்பது என்பது வேறு கேள்வி. நம்ம ஊரில் இது ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கேள்வி.

கோயில் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிற தர்மம் நந்தா விளக்கு. இரவும் பகலும் அணையாமல், சூரிய சந்திரர் உள்ளவரை எரியணும். அதற்குத் தினமும் நெய் வேணும். கொடுக்கிறவரோ ஒருநாள் செத்துப்போவார். என்ன செய்தார்கள்? நெய்யைக் கொடுக்காமல் ஆட்டைக் கொடுத்தார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது பரவலான கணக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் அந்த 96 ஆட்டுக்கு ஈடாக 48 பசுவோ 16 எருமையோ வைத்திருக்கிறார்கள். இடையர் மந்தையை வாங்கிக்கொள்வார், பாலும் குட்டியும் அவருக்கு. பதிலுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். ஆடு செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டியது அவர் பாடு. கோயில் கணக்கைப் பொறுத்தவரை அந்த ஆடுகளுக்குச் சாவும் கிடையாது, மூப்பும் கிடையாது. அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கணக்குப் பிள்ளைகள் வைத்த பெயர்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

காசாகக் கொடுத்தவர்களும் உண்டு. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வந்த காசை ஊர்ச்சபைகளிடம் முதலாகக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது 12.5 சதவீதம். முதலில் யாரும் கை வைப்பதில்லை, வட்டியில்தான் பூசையும் விளக்கும் திருவிழாவும் நடக்கும்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது, கொடுத்தவர் கையில் எதுவுமே மிச்சம் இல்லை என்பது. முழு முதலும் முதல் நாளே போய்விட்டது. மனசு மாறினாலும் கையிருப்பு குறைந்தாலும் விளக்குக்கு ஒன்றும் ஆகாது. வாக்கைச் சுமப்பது இடையரும் சபையும். அவர்கள் ஏமாற்றாமல் இருக்கத்தான் பெயரையெல்லாம் கல்லில் வெட்டினார்கள். சில இடங்களில் இடையருக்குப் பிணை நின்ற உறவினர் பெயரும் சேர்த்தே இருக்கிறது. கடைசியில் 'பன்மாகேஸ்வரர் ரட்சை' என்று, அடியார் கூட்டம் முழுவதையும் காவலுக்கு வைத்துவிடுவார்கள். ஆனால் ஒன்று, 96 ஆட்டை மொத்தமாகக் கொடுக்க வசதி வேணும். மாசம் நாலணா மட்டுமே முடியும் என்கிறவருக்கு இந்த முறையில் இடமே இல்லை.

அந்தச் சின்னக் கொடைக்கு வழி திறந்தது மணியார்டர். இந்தியாவில் அதுவரை அரசுக் கருவூலங்கள் பார்த்துவந்த வேலையை 1880-இல் தபால் துறை எடுத்துக்கொண்டது. ஊர்ப் போஸ்ட் ஆபீசில் பணத்தைக் கட்டி, கீழே உள்ள துண்டில் 'அன்னதானத்துக்கு' என்று ஒரு வரி எழுதினால் போதும். பணம் போய்ச் சேர்ந்ததும் கையெழுத்தான ரசீது வீடு தேடி வரும். பிற்காலத்தில் இதன் கமிஷன் நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய்! இன்று 2 சதவீதத்துக்கு முகம் சுளிக்கிறோம். ஆனால் அந்த ஐந்து ரூபாயில் கொடுத்தவர் பெயர், முகவரி, எதற்காக, வந்ததற்குச் சாட்சி எல்லாமே அடக்கம். குறை என்னன்னா, மாசாமாசம் ஒருத்தர் நினைவு வைத்து நடந்துபோய் வரிசையில் நிக்கணும். வாக்கு அவர் காலில் இருந்தது.

அதைக் காலிலிருந்து இறக்கி வங்கியில் வைத்ததுதான் இ.சி.எஸ்., அதன்பின் வந்த நாச். ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மாசம் குறித்த தேதியில் கணக்கிலிருந்து பணம் போய்விடும். கார்டு இன்னும் சுலபம், எண்ணைத் தட்டினால் முடிந்தது. அதனால் பல தொண்டு நிறுவனங்கள் மாதாந்திர நன்கொடையைக் கார்டை நம்பியே வளர்த்தன. கார்டுக்கோ மூப்பும் உண்டு, சாவும் உண்டு. காலாவதித் தேதி முகத்திலேயே அச்சடித்திருக்கும். புதுக் கார்டு வந்ததும் பழைய எண்ணில் ஓடிய தர்மம் சத்தமில்லாமல் நின்றுபோகும், கொடுத்தவருக்கே தெரியாது.

2021-இல் நடந்தது அதைவிடப் பெரிது. கார்டில் தானாகப் போகிற தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் ஒரு விதி போட்டது. பதிவு செய்யும்போது கூடுதல் சரிபார்ப்பு வேணும், ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்லணும். கெடு தள்ளித்தள்ளிப் போய், 2021 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. விதிக்கு ஏற்ப மாறாத பழைய அனுமதிகள் அன்றோடு செல்லாமல் போயின. விதியில் நியாயம் இருக்கிறது. கேட்காமல் பணம் எடுக்கும் கம்பெனிகளிடமிருந்து மக்களைக் காப்பாற்றத்தான் அது. ஆனால் சந்தாக் கம்பெனிக்கும் அநாதை இல்லத்துக்கும் விதி ஒன்றுதான். படம் பார்க்க முடியாவிட்டால் ஆள் உடனே போய்க் கார்டைத் திரும்பப் பதிவு செய்வார். நன்கொடை நின்றால் கொடுத்தவருக்கு எதுவும் குறையாது, யார் போய்ச் சரிசெய்வது?

2020 ஜூலையில் வந்த யு.பி.ஐ. ஆட்டோபேயில் கார்டைப் போலக் காலாவதிப் பிரச்சினை இல்லை. ஆனால் நிறுத்துவதும் செயலியில் ரெண்டு தட்டுதான். நாச் அதைவிட உறுதி. ஆனால் அன்றைக்குக் கணக்கில் இருப்பு இல்லையென்றால் வங்கி அபராதம் போடும். இருநூறு ரூபாய் தருகிறவருக்கு அபராதம் அதைவிட அதிகமாகப் போவதும் உண்டு. அப்படி ஒருமுறை அடிபட்டவர் மறுபடி கொடுக்க மாட்டார்.

சுவரில் ஒட்டிய க்யூ.ஆருக்கு வருவோம். அதில் பணம் வரும், ஆள் வரமாட்டார். திரையில் ஒரு பெயர் தெரியும், அவ்வளவுதான். முகவரியும் பான் போன்ற அடையாள எண்ணும் இல்லாமல் வரிச்சலுகை ரசீது போட்டு வருமான வரித்துறைக்குக் காட்ட முடியாது. அதோடு, கொடுத்தவர் விவரம் இல்லாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால் அறக்கட்டளைக்கு 30 சதவீத வரி என்று 2006-லேயே சட்டம் வந்தாச்சு. முழுக்க மதம் சார்ந்த அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆக, கமிஷன் இல்லாத வழி என்று எடுத்தது கடைசியில் மணியார்டரை விடச் செலவு வைக்கலாம்.

என்னைக் கேட்டால், திருவிழா அன்னதானத்துக்குக் க்யூ.ஆர். போதும், பக்கத்திலேயே பெயர் எழுத ஒரு நோட்டு. மாதாந்திரத்துக்கு ஆட்டோபே, பெரிய தொகைக்கு நாச். இரண்டிலும் பணம் வராத மாதம் ஃபோன் போட்டு விசாரிக்க ஓர் ஆள் வேணும். அந்த ஆளின் சம்பளத்தையும் கமிஷன் கணக்கிலேயே சேர்த்துப் பார்க்கணும். விளக்கு எரியணும் என்றே ஒரு சொத்தையோ பெரிய தொகையையோ தர யாராவது முன்வந்தால், அதைப் பழைய முறையிலேயே மூலநிதியாக வைத்து வட்டியில் செலவு செய்யலாம். வங்கி இன்று 12.5 சதவீதம் தராது என்பது தெரிந்ததுதானே.